சொந்தக் கயாக்குடன் மதுரையைச் சுற்றி எந்த நீரில் இறங்கலாம்?

திருநகர்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். காற்றடித்து விரிக்கும் இருவர் கயாக் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். மடித்து வைத்தால் பெரிய பயணப் பை அளவுதான். எடை பதினாறு கிலோ. ஆலப்புழையில் வழிகாட்டி ஒருவரின் பின்னால் இரண்டு காலைகள் வாய்க்கால்களில் துடுப்பு வலித்ததைத் தவிர எனக்கு வேறு அனுபவம் இல்லை. ஒவ்வொரு முறையும் வேம்பநாட்டுக் காயல் வரை வண்டியோட்டிச் செல்ல இயலாது என்பதால்தான் சொந்தமாக ஒன்றை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் இதை எங்கே இறக்குவது என்ற கேள்வி வந்தது. ஐப்பசி மழை நன்றாகப் பெய்து கண்மாய்கள் நிறைந்திருக்கின்றன. வைகை அணை, கொடைக்கானல் ஏரி, ஊர்க் கண்மாய்கள், மழைக்காலத்து வைகை ஆகிய நான்கும் என் மனத்தில் உள்ளன. எனக்குக் கிணற்று நீச்சல் தெரியும். என் மனைவிக்குத் தெரியாது. எங்கே தொடங்கலாம் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழமாசி

வைகையில் கயாக் விடுவதற்கு ஆண்டில் ஒரே ஒரு நல்ல நாள் உண்டு. அன்று ஆற்றில் அழகர் இறங்கிவிடுவார், உங்களுக்கு இடமிருக்காது. வேடிக்கைக்காகத்தான் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வைகையில் வெள்ளம் வந்தால் இறங்கலாமா என்பதை நானும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மதகடி

நான் பொதுப்பணித் துறையின் நீர்வளப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வைகை வெள்ளத்தைப் பற்றி மட்டும் இப்போது எழுதுகிறேன். மற்றவற்றை மற்றவர்கள் சொல்லட்டும்.

வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் கரையோர மக்களுக்கு விடப்படுவது வழக்கம். செய்தித்தாளில் இந்த எண்களைக் காணும்போது நாம் ஆற்றைப் பார்க்கக் கிளம்புகிறோம். தம்பி அப்போது கயாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

காரணம் வேகம் மட்டுமன்று. பேரணையிலிருந்து விரகனூர் வரை ஆற்றின் குறுக்கே மதகணைகளும் தடுப்பணைகளும் உள்ளன. நகருக்குள் ஏ.வி. பாலத்தின் அருகே நிற்கும் தடுப்பணையைக் கரையிலிருந்து பார்த்தால் ஆள் உயரம்கூட இல்லாத அழகான சிறு அருவியாகத்தான் தோன்றும். ஆனால், அதன் மேல் வழிந்து விழும் நீர் அடித்தளத்தில் மோதி எழும்போது, மேற்பரப்பில் ஒரு பகுதி கீழ்நோக்கிப் போகாமல் மீண்டும் அணைச் சுவரை நோக்கியே திரும்பி உருளுகிறது. அந்தச் சுழலில் அகப்பட்ட பொருள் மூழ்கி, எழுந்து, சுவரை நோக்கி இழுக்கப்பட்டு, மறுபடியும் மூழ்கும். தேங்காய் ஒன்று அப்படி ஒரு பகல் முழுவதும் ஒரே இடத்தில் உருண்டுகொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். நுரையில் காற்று கலந்திருப்பதால் அந்த நீரின் தாங்கும் திறனும் குறைவு. மிதவை அங்கி அணிந்தவரைக்கூட அது சரியாகத் தூக்கிக் காட்டாது. மேலிருந்து படகில் வருபவருக்கோ அணை இருப்பதே தெரியாது. நீர் ஒரு கோட்டில் முடிவதுபோல் மட்டும் தெரியும், தெரியும்போது தூரம் போதாது.

பெரியாறு பிரதான கால்வாயைப் பற்றியும் யாரேனும் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நேராக, தெளிவாக, ஆசை காட்டும் நீர்தான் அது. இறங்க ஒரு படித்துறை இருக்கும்; ஏற அடுத்த படித்துறை எங்கே என்பது உங்களுக்குத் தெரியாது. இடையில் வழுக்கும் சரிவுக் கரைகளும், நீர் இறங்கும் தொட்டிகளும், மதகுகளும் உள்ளன. அது வேண்டவே வேண்டாம்.

துடுப்பு64

மதகடி ஐயா எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். நான் சில ஆண்டுகள் கடலோரத்தில் கயாக் பயிற்சி அளித்தவன். இப்போது மதுரையில் வேறு வேலை பார்க்கிறேன். படகைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கயாக்கும் கேனோவும் ஒன்று என்று பலர் எண்ணுகிறார்கள். கயாக்கில் கால் நீட்டி அமர்ந்து, இரு முனையிலும் அலகு உள்ள துடுப்பை மாறி மாறி வலிக்கிறோம். கேனோவில் சற்று உயரத்தில் அமர்ந்தோ மண்டியிட்டோ ஒற்றை அலகுத் துடுப்பை வலிக்கிறோம். முன்னது வடதுருவ வேட்டைக்காரர்கள் கடல்நாய்த் தோலைச் சட்டத்தின் மேல் போர்த்திச் செய்த படகிலிருந்து வந்தது. அதனால்தான் அது நீருக்கு நெருக்கமாக, தாழ்வாக இருக்கிறது. பின்னதன் முன்னோர்களில் மரத்தைக் குடைந்த ஓடமும் உண்டு. அதன் உறவினர்களை நம் தோணிகளிலும் காணலாம். மேலைநாட்டார் இரட்டை உடல் படகுக்கு வைத்த பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பதை இங்கே அனைவரும் அறிவீர்கள். ஆனால் கட்டுமரம் இரட்டை உடல் கொண்டதன்று என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

காற்றடித்த கயாக் இலேசானது, கவிழ்ப்பது கடினம், வீட்டு அலமாரியில் அடங்கும். இவை அதன் நன்மைகள். நீரில் ஆழமாக அமராமல் மேலே மிதப்பதால் காற்று அதைத் தாள்போல் தள்ளும் என்பது அதன் பெருங்குறை. அடியில் பொருத்தும் சிறகு போன்ற தகடு படகை நேராக ஓட வைக்கும். ஆனால் பாசியும் கொடியும் உள்ள கண்மாயில் அதே தகடு கொடியைக் கொத்தாகச் சேர்த்துக்கொண்டு நங்கூரம் போல் நின்றுவிடும். எனவே திறந்த நீரில் மாட்டுங்கள், கொடி நீரில் கழற்றிவிடுங்கள்.

எந்த மிதவை அங்கியை வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் சொல்லுங்கள்.

திருநகர்வாசி

படகுடன் இலவசமாக இரண்டு ஆரஞ்சு நிற அங்கிகள் வந்தன. உள்ளே தெர்மாகோல் போன்ற ஏதோ இருக்கிறது. எந்த எண்ணும் அச்சிடப்படவில்லை.

துடுப்பு64

அவற்றை நவராத்திரிக் கொலுவில் வையுங்கள். நீரில் உள்ள மனிதரின் தலையை மேலே வைத்திருக்க நான்கைந்து கிலோ அளவு தூக்குவிசை போதும். அதனால்தான் நீந்தத் தெரிந்த துடுப்பாளர்களுக்கான அங்கிகளில் 50 நியூட்டன் என்று குறித்திருப்பார்கள். நீந்தத் தெரியாதவருக்கு, மயங்கினாலும் முகத்தை மேலே திருப்பும் வகையில் கழுத்துப் பட்டை கொண்ட 100 நியூட்டன் அங்கி வேண்டும். உங்கள் மனைவிக்கு இரண்டாவதை வாங்குங்கள், தொடையிடைப் பட்டையுடன் வாங்குங்கள். பட்டையை இறுக்கிய பின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காது வரை ஏறினால் அது நீரில் இறங்கியதும் கழன்றுவிடும்.

அடுத்து, கவிழ்ந்தால் மீண்டும் ஏறும் பழக்கம். இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே விழுந்து, படகின் நடுப்பகுதியைப் பற்றி, கால்களை மேற்பரப்பில் உதைத்து, மீன் கரையேறுவதுபோல் வயிறு படகின் குறுக்கே வரும்வரை ஏறி, அதன் பிறகே புரண்டு உட்கார வேண்டும். கால்களைப் படகுக்கு அடியில் தொங்கவிட்டபடி கையால் மட்டும் ஏற முயல்பவர் படகைத் தம் மேல் கவிழ்த்துக்கொள்வார். இருவரும் மும்மூன்று முறை இதைச் செய்து முடிக்கும்வரை எந்த ஏரியைப் பற்றியும் பேச வேண்டாம்.

கீழமாசி

கொலு யோசனையை வழிமொழிகிறேன். கொடைக்கானலைப் பற்றி யாருமே சொல்லவில்லையே?

மதகடி

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானதன்று. மதுரையில் ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை மறித்து உருவாக்கியது. அந்த வகையில் அதுவும் ஒரு பெரிய கண்மாய்தான். அங்கே படகுக் குழாம்களின் படகுகளை வாடகைக்கு எடுத்து வலிப்பதே முறை. தேக்கடியிலோ புலிகள் காப்பகம் என்பதால் சொந்தப் படகுக்கு வழியே இல்லை. வனத்துறையினர் அழைத்துச் செல்லும் மூங்கில் தெப்பத்தில் போகலாம், அது நல்ல அனுபவம். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கொடைக்கானல் மலையிலேயே உள்ள பேரிஜம் ஏரி குடிநீருக்கானது. அங்கே படகே கிடையாது.

வைகை அணை நீர்த்தேக்கத்தில் மீனவர்கள் பரிசலில் போவதைப் பார்த்து, நாமும் போகலாம் என்று தோன்றும். அவர்கள் மீன்வளத் துறையின் உரிமத்தின் பேரில் போகிறார்கள். நீங்கள் துறையிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கிடைத்தாலும் ஆனி, ஆடி, ஆவணியில் வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வரும் மேல்காற்றுக்காகத்தான் ஆண்டிபட்டிப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று மேற்கிலிருந்து அணைச் சுவரை நோக்கித் தள்ளும். பரிசல்காரர்களே அந்த மாதங்களில் விடியலில் போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள்.

முக்குளிப்பான்

வணக்கம். பறவை பார்ப்பவள் என்ற முறையில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. கண்மாய்கள் நிறைந்திருக்கும் கார்த்திகை முதல் மாசி வரையிலான காலமே வலசைப் பறவைகள் வந்து தங்கும் காலமும், நம் ஊர் நீர்ப்பறவைகளில் பல கூடு கட்டும் காலமும் ஆகும். என் புனைபெயருக்குரிய பறவையையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்குளிப்பான் நீர்க்கொடிகளைக் கூட்டி மிதக்கும் கூடு கட்டுகிறது. ஆபத்து நெருங்கினால் முட்டைகளின் மேல் ஈரக் கொடியை இழுத்து மூடிவிட்டு நீருக்குள் போய்விடும். உங்கள் கண்ணுக்கு அது அழுகிய பாசிக் குவியலாகத்தான் தெரியும். கயாக் ஒலி எழுப்பாது என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஒலி எழுப்பாமல் வருவதால்தான் பறவைகள் கடைசி நொடியில் பதறி எழுகின்றன.

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் அருகே, பறவைகள் அஞ்சிவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள். அந்தச் சரணாலயக் கண்மாய்களில் படகு என்ற பேச்சே எழக் கூடாது. சாமநத்தம் கண்மாய்க்கும் கரையிலிருந்து தொலைநோக்கி போதும்.

துடுப்பு64

அம்மா சொல்வதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் எல்லாக் கண்மாயும் வேட்டங்குடி ஆகிவிடாது. மரங்களும் நாணலும் உள்ள பகுதியை விட்டு விலகி, திறந்த நீரில், ஒரே வழியில் போய் அதே வழியில் திரும்பினால் தொல்லை மிகவும் குறையும். பறவைகள் தலையை நிமிர்த்தி நம்மையே பார்க்கத் தொடங்கினால், அங்கேயே நின்று திரும்பிவிட வேண்டும்; அவை பறந்த பிறகு திரும்புவதில் பயனில்லை. மேலும், நீர் பொதுச் சொத்து. கரையில் நிற்பவருக்கு உள்ள உரிமை படகில் வருபவருக்கும் உண்டு.

வாடிப்பட்டியார்

பொதுச் சொத்து என்ற சொல்லைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் விவசாயி, எங்கள் கண்மாயில் எனக்கு ஆயக்கட்டு நிலம், அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலம், இருக்கிறது. தம்பிகளுக்குக் கண்மாய் என்பது தண்ணீர்; எங்களுக்கு அது ஒரு கணக்கு.

நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். ஆனால் தண்ணீரை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதலில் என்பதையெல்லாம் நடைமுறையில் பார்ப்பவர் ஊர் நீர்பாய்ச்சி. மீன்பாசி ஏலம், அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை, எடுத்தவர் குஞ்சு விட்டிருப்பார். உங்கள் படகைப் பார்த்தால் மீன் திருடன் என்றுதான் முதலில் நினைப்பார், அதில் அவர் தவறும் இல்லை. இரவில் போட்ட வலை நீருக்குள் இருக்கும். உங்கள் துடுப்பு அதை அறுத்தால் அவருடைய ஒரு நாள் பிழைப்பு போயிற்று. எனவே தாள் அனுமதி ஒருபுறம் இருக்கட்டும். முதல் நாள் மாலை படகில்லாமல் வாருங்கள். கண்மாய்க் கரையில் டீக்கடை இருக்கும். நீர்பாய்ச்சி யார், ஏலக்காரர் யார் என்று கேளுங்கள். இருவரும் சரி என்றால் மறுநாள் காலையில் இறங்குங்கள். வேண்டாம் என்றால் டீக்குக் காசு கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போங்கள்.

கண்மாயின் அமைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். கரையை ஒட்டித்தான் ஆழம். அங்கேதான் மடையும் இருக்கும். மடை திறந்திருந்தால் மேலே தண்ணீர் சும்மா இருப்பதுபோல் இருக்கும், அடியில் இழுக்கும். இலை ஒன்று சுழன்று மடையை நோக்கிப் போவதைக் கண்டால் நூறடி தள்ளிப் போங்கள். கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் நாளில், மிகுநீர் வழியும் கலுங்குப் பக்கமே வேண்டாம். எதிர்ப்புறம், தண்ணீர் வரும் உள்வாய்ப் பகுதியில் முழங்கால் ஆழம்தான். ஆனால் அங்கே கருவேல மரம் நிற்கும், வெட்டிய கட்டை நீருக்குள் மறைந்திருக்கும். உங்கள் காற்றுப் படகுக்கு அந்த முள்ளே எமன்.

திருநகர்வாசி (மூன்று வாரங்கள் கழித்து)

அனைவருக்கும் நன்றி. அங்கிகளை மாற்றினேன். உறவினர் ஒருவரின் தோட்டத்துத் தொட்டியில் நாங்கள் இருவரும் விழுந்து ஏறிப் பழகினோம். என் மனைவி இரண்டாம் முறையே ஏறிவிட்டார், எனக்கு ஐந்து முறை ஆயிற்று. பிறகு மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்குச் சென்றோம். எந்தக் கண்மாய் என்று எழுதவில்லை; இணையத்தில் பெயர் போட வேண்டாம் என்பதே நீர்பாய்ச்சி விதித்த ஒரே நிபந்தனை.

அவர் எழுபது வயதைக் கடந்தவர். மாலையில் டீக்கடையில் என் விளக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு, "இதில் என்ன பிடிப்பீர்கள்?" என்றார். ஒன்றும் பிடிக்க மாட்டோம், சும்மா போய்வருவோம் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சும்மாவா?" என்று மறுபடியும் கேட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்களுக்கு முன்பே கரையில் வந்து நின்றார். வலை கிடக்கும் இடத்தை இரண்டு சீமைக்கருவேலக் கிளைகளை நட்டு அடையாளம் காட்டியிருந்தார்.

மார்கழிப் பனி நீரின் மேல் முழ உயரத்துக்குப் படர்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தபோது எங்கள் இடுப்புக்குக் கீழே படகு தெரியவில்லை. கரையிலிருந்து பல ஆண்டுகளாகப் பார்த்த அதே நீர்தான்; ஆனால் அல்லி இலைகளுக்குச் சமமான உயரத்தில் கண் இருக்கும்போது, ஒவ்வோர் இலையின் ஓரமும் மேல்நோக்கி மடிந்து, அதில் பனி ஒரு குண்டுமணி அளவு திரண்டு நிற்பது தெரிகிறது. துடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றபோது அலகிலிருந்து நீர் சொட்டும் ஒலியும், தொலைவில் ஏதோ ஒரு கோயிலின் ஒலிபெருக்கியும் மட்டுமே கேட்டன. பாம்புத்தாரா ஒன்று கழுத்தை மட்டும் நீட்டி எங்களைக் கடந்து போயிற்று. அம்மா சொன்னதை நினைத்து நாங்கள் அசையவில்லை.

வாடிப்பட்டி ஐயா சொன்னபடி செய்யாததும் ஒன்று உண்டு. திரும்பும்போது வெயிலுக்கு அஞ்சி நிழலை நோக்கி உள்வாய்ப் பக்கம் போனேன். முதலில் சீறல் போல ஓர் ஒலி. பாம்பு என்று நினைத்தேன். பிறகு வலப்பக்கக் குழாயின் ஓரமாகக் குமிழ்கள் ஒரு கோடாக வந்தன. கையால் தடவினால் விரலில் முள் குத்தியது. மூன்று காற்றறைகளில் ஒன்று மட்டும்தான் போயிற்று என்றாலும், படகு ஒருபுறம் சாய்ந்து குடைந்த வாழைமட்டை போல் ஆகிவிட்டது. நீர் தொடையளவே இருந்ததால் இறங்கி இழுத்து வந்தோம். சேற்றில் என் செருப்பு ஒன்று நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நீர்பாய்ச்சி சிரிக்கவில்லை; "சும்மா போனாலும் தடம் பார்த்துப் போக வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

துடுப்பு64

தொடையளவு நீரில் நடந்ததால் இதைப் படித்துச் சிரிக்க முடிகிறது. துளையைச் சுற்றி நன்றாகத் துடைத்து, முழுதும் உலர்ந்த பிறகு, படகுடன் வந்த ஒட்டுத்துண்டை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். சதுரமாக வெட்டினால் மூலை உரியும். ஒரு நாள் கழித்துக் காற்றடித்து, சோப்பு நீர் தடவிப் பாருங்கள். முள்முனை உள்ளே ஒடிந்து கிடக்கிறதா என்பதையும் விரலால் அல்ல, துணியால் தேய்த்துப் பாருங்கள்.

அடுத்த பயணத்துக்குக் காரங்காட்டை யோசியுங்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே, அலையாத்திக் காட்டுக்கு நடுவே, வனத்துறையின் துணையுடன் ஊர் மக்களே படகும் கயாக்கும் விடுகிறார்கள். அங்கியும் துணைக்கு ஆளும் உண்டு. பாக் நீரிணைப் பக்கம் என்பதால் ஓதம் பெரிதாக ஏறி இறங்காது. ஆனால் பகலில் கடற்காற்று எழும் முன், காலையிலேயே போய்விடுங்கள். காற்றடிக்காத, கெட்டியான உடல் கொண்ட கயாக் எப்படி ஓடுகிறது என்பதையும் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கைகளால் மட்டும் வலிக்காமல் இடுப்புக்கு மேலுள்ள உடலைத் திருப்பி வலிக்கும் முறையை யாரிடமாவது கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தோள் நன்றி சொல்லும்.

முக்குளிப்பான்

பாம்புத்தாரா கடந்தபோது அசையாமல் இருந்ததற்கு நன்றி. என் ஆட்சேபத்தை முழுதும் திரும்பப் பெறவில்லை. ஆனால், அந்தக் கண்மாயில் எந்தப் பறவைகள் எத்தனை இருந்தன என்று எழுதி அனுப்பினால், கரையிலிருந்து என்னால் எண்ண முடியாத பகுதி ஒன்று நிரம்பும்.

திருநகர்வாசி

அனுப்புகிறேன் அம்மா. தாமரைக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் வேறுபாடு தெரியாததால் படங்களையும் சேர்த்து அனுப்புகிறேன். படகை ஒட்டிவிட்டேன். பங்குனியில் மீண்டும் அதே கண்மாய்க்குப் போகலாமா என்று வாடிப்பட்டி ஐயாதான் சொல்ல வேண்டும்.

வாடிப்பட்டியார்

பங்குனியில் அங்கே மிதக்கத் தண்ணீர் இருக்காது. மடையை எல்லாம் திறந்து, மிச்சம் இடுப்பளவுக்கு வந்ததும் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஊர் சனமெல்லாம் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடி சாதனங்களோடு ஒரே நேரத்தில் இறங்கும். நாள் குறித்ததும் எழுதுகிறேன். படகை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஊத்தா நான் தருகிறேன். மிச்சமிருக்கும் ஒற்றைச் செருப்பையும் எடுத்து வாருங்கள், சேற்றுக்குள் அதன் ஜோடி கிடைத்தாலும் கிடைக்கும்.